சென்னையைச் சுற்றிப் பார்க்க: பஸ்ஸா, ரயிலா, ஓட்டோவா?

எங்கள் பெண்களில் பலர் சென்னைக்குப் போய் வந்திருக்கிறார்கள். கண், இருதயம், சிறுநீரகம் என்று வைத்தியத்துக்குப் போனவர்கள், வெளிநாட்டு மாப்பிள்ளை அங்கு வந்து தாலி கட்டுவார் என்பதற்காக மகளை அழைத்துப் போனவர்கள், முகாமில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போனவர்கள், நேர்த்திக் கடன் தீர்க்கக் கோயில்களுக்குப் போனவர்கள் எனப் பல வகையினர். ஆனால், "சென்னையில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரியும் நாங்கள் இருந்த அறையும்தான்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். வளசரவாக்கத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தும் மெரினாக் கடற்கரையைப் பார்க்காமல் திரும்பிய ஒரு தாயை எனக்குத் தெரியும். காரணம் கேட்டபோது, "கூட்டிப் போக ஒரு ஆம்பிளை இல்லைப் பிள்ளை. ஓட்டோக்காரர் கேட்ட காசும் கட்டுப்படியாகாது" என்றார்.

இந்தப் பதிலைச் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டும். போர்க்காலத்தில் எங்கள் பெண்கள் நடக்காத நடை இல்லை. உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தோம். ஆனால் அந்தப் பயணங்களில் ஒன்றைக்கூட நாங்களாகத் தெரிவு செய்யவில்லை. எப்போது புறப்படுவது, எந்தப் பாதையால் போவது, எங்கே நிற்பது என்பதெல்லாம் மற்றவர்கள் தீர்மானித்தவை. ஆகவே ஒரு பெரிய நகரத்தில், "இன்று நான் இந்த இடத்தைப் பார்க்கப் போகிறேன், இந்த பஸ்ஸில் போகிறேன்" என்று ஒரு பெண் தானே முடிவெடுப்பது சிறிய விடயமல்ல. வாகனத்தைத் தெரிவு செய்யத் தெரிந்தால் பணமும் மிஞ்சும், மற்றவர் கையை எதிர்பார்த்திருக்கும் நிலையும் குறையும்.

2025 பெப்ரவரியில் வன்னியைச் சேர்ந்த ஐந்து பெண்களுடன் சென்னைக்குச் சென்றிருந்தேன். கைப்பணிப் பயிற்சி ஒன்று முடிந்த பின்னர் நான்கு நாட்கள் எங்களுக்கு மிஞ்சியிருந்தன. ஐவரில் மூவர் குடும்பத்தைத் தனித்துத் தாங்குபவர்கள். ஒருவருக்கு 2009 இல் ஷெல் வீச்சில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலுடன் நடக்கிறார். கையில் இருந்த பணமோ சொற்பம். அந்த நான்கு நாட்களிலும் நாங்கள் பயன்படுத்திய வாகனங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இனிப் போகவிருப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

முதலில் நகரத்தின் அமைப்பு

சென்னையின் கிழக்கே கடல் இருக்கிறது. கடலைக் கிழக்காக வைத்துக்கொண்டால் திசை தவறாது. வடக்கே பாரிமுனையும் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையமும் உள்ளன. தெற்கே தாம்பரமும் வண்டலூரும் உள்ளன. விமான நிலையம் தெற்குப் பக்கம், திரிசூலத்தில் இருக்கிறது. பழைய ஆட்கள் மவுண்ட் ரோடு என்று சொல்லும் அண்ணா சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நகரத்தை ஊடறுத்துச் செல்கிறது. இவ்வளவையும் ஒரு கடதாசியில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தங்கியிருந்த லொட்ஜின் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் அதே கடதாசியின் பின்பக்கத்தில் ஒவ்வொருவரும் எழுதி வைத்திருந்தோம். கைத்தொலைபேசியில் பற்றரி இறங்கினாலும் கடதாசி உதவும்.

பஸ்

சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் மூலை முடுக்கெல்லாம் ஓடுகின்றன. 2021 மே மாதத்தில் தமிழக அரசு, சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டத்தை ஆரம்பித்தது. 'மகளிர் விடியல் பயணம்' என்பது அதன் பெயர். இந்த பஸ்களை அடையாளம் காண்பதற்காக 2022 இல் அவற்றின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இளஞ்சிவப்பு நிறம் பூசத் தொடங்கினார்கள். நாங்கள் போனபோது கண்டக்டர் எங்களிடம் அடையாள அட்டை எதையும் கேட்கவில்லை. கட்டணமில்லாத ஒரு சீட்டைத் தந்தார். அந்தச் சீட்டை இறங்கும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். டீலக்ஸ் பஸ்ஸிலும் குளிரூட்டப்பட்ட பஸ்ஸிலும் பெண்களும் பணம் கொடுக்கவே வேண்டும். ஏறுமுன் "சாதா வண்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தத் திட்டத்தினால் உண்டான மாற்றத்தை பஸ்ஸுக்குள்ளேயே காண முடிந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், பூ விற்பவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் வயதான அம்மாக்கள் என்று நிறையப் பேர். பக்கத்தில் இருந்த ஒரு பூக்கார அம்மா, முன்பு பஸ் காசுக்குக் கொடுத்த பணத்தில் இப்போது மருந்து வாங்குவதாகச் சொன்னார். போக்குவரத்துச் செலவு ஏழைப் பெண்ணின் வருமானத்தை எப்படி அரிக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பஸ்ஸின் இடப்பக்க ஆசனங்கள் பெண்களுக்குரியவை. அதில் ஆண் ஒருவர் இருந்தால் தயங்காமல் எழும்பச் சொல்லலாம். அங்கு அது வழக்கமான விடயம். நாங்கள் 'இறக்கம்' என்று சொல்வதை அவர்கள் 'ஸ்டாப்பிங்' என்கிறார்கள். 'கட் சர்வீஸ்' என்று பலகை போட்டிருந்தால் அந்த பஸ் வழக்கமான பாதையின் கடைசிவரை போகாது, இடையில் நின்றுவிடும். கண்டக்டரிடம் இறங்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தால் கூப்பிட்டு இறக்கிவிடுவார்.

ஊர் பார்க்க எங்களுக்கு மிகவும் பயன்பட்டது 29சி இலக்க பஸ். பெரம்பூரிலிருந்து நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு ஊடாக பெசன்ட் நகருக்குப் போகிறது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில். பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் கடற்கரையும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. ஜன்னல் ஓரம் இருந்தால் பாதி நகரத்தைப் பார்த்துவிடலாம்.

பஸ்ஸின் குறைபாடுகளையும் சொல்ல வேண்டும். காலை 8 மணி முதல் 10.30 மணி வரையும் மாலை 5 மணி முதல் 8 மணி வரையும் கூட்டம் நெரியும். உரசலும் சேட்டையும் எங்கள் ஊரைப் போலவே அங்கும் உண்டு. அந்த நேரங்களைத் தவிர்த்து 11 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் பயணம் செய்வதே உசிதம். சாதாரண பஸ்களின் படி மிக உயரம். கால் ஏலாதவர்களுக்கும் முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கும் அது பெரிய சோதனை. 2024 ஓகஸ்டில் இருந்து தாழ்தளப் பஸ்களும் சில பாதைகளில் ஓடுகின்றன. ஆனால் அவற்றுக்காகக் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

மின்சார ரயில்

சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931 இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்றும் சாதாரண மக்களின் வாகனம் அதுதான். கட்டணம் மிகக் குறைவு. பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. மேடையில் அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். ரயில் நிற்பது சில விநாடிகளே. அங்கே நிற்கும் பெண்களைக் கேட்டால் காட்டுவார்கள்.

இந்த ஒரு பாதையிலேயே பார்க்க எத்தனையோ இருக்கின்றன. எழும்பூரில் இறங்கினால் 1851 இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சோழர் காலத்து வெண்கலச் சிலைகளையும் அமராவதிச் சிற்பங்களையும் அங்கே காணலாம். வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும். மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே ரங்கநாதன் தெரு. சேலையும் பாத்திரமும் வாங்குவோர் கூட்டம் அலைமோதும் இடம், பணப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. தாம்பரத்தையும் தாண்டிப் போனால் வண்டலூர் மிருகக்காட்சிசாலை. அது செவ்வாய்க்கிழமைகளில் மூடப்படும்.

ரிக்கற் எடுக்கும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுபடி வரிசையில் நிற்கத் தேவையில்லை. ரிக்கற் இல்லாமல் பிடிபட்டால் தண்டம் கட்ட வேண்டும்.

எங்களுடன் வந்த ஒருவரின் அக்கா 1990 இல் படகேறிப் போனவர். கும்மிடிப்பூண்டி முகாமில் குடும்பத்தோடு இருக்கிறார். இருவரும் முப்பத்தைந்து வருடங்களாக ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வாடகைக் கார் ஒன்றைக் கேட்டபோது போய்வர 3,000 ரூபா சொன்னார்கள். அந்தக் காசு அவரிடம் இல்லை. "போன முறை வந்தவர்களிடம் ஒரு சேலை கொடுத்து அனுப்பினேன், இந்த முறையும் அப்படியே அனுப்பிவிடுவம்" என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சென்ட்ரலுக்கு அருகில் உள்ள மூர்மார்க்கெட் வளாக நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் காலை இருவராகச் சென்றோம். போகவர ஒரு சாப்பாட்டுக் காசுகூட முடியவில்லை. முகாமுக்குள் போவதற்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று சொன்னதால் அக்கா ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டார். மேடையில் இருந்த சீமெந்து இருக்கையில் மூன்று மணித்தியாலம் கதைத்தார்கள். அக்கா கொண்டுவந்த இடியப்பத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். பாதி நேரம் இருவரும் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்தபடி இருந்தார்கள்.

ஒரு ரயில் பாதையைப் பற்றிய தகவல் ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் அவர் எதை இழக்கிறார் என்பதை நான் அன்று கண்டேன்.

பறக்கும் ரயில்

உயரத் தூண்களின் மேலே போவதால் இதை மக்கள் பறக்கும் ரயில் என்கிறார்கள். 1995 இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997 இல் திருமயிலை வரையும், 2007 இல் வேளச்சேரி வரையும் நீண்டது. மெரினாவுக்குப் போகத் திருவல்லிக்கேணி நிலையமும், சாந்தோம் தேவாலயத்துக்குப் போகக் கலங்கரை விளக்க நிலையமும், கபாலீசுவரர் கோயிலுக்குத் திருமயிலை நிலையமும் வசதி. கோட்டூர்புரத்தில் இறங்கினால் 2010 இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பார்க்கலாம். படிக்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் அவசியம் அழைத்துப் போங்கள்.

கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. ஆனால் நிலையங்கள் பெரிய பெரிய கட்டடங்கள், பல மாடி ஏற வேண்டும். நகரும் படிகள் எப்போதும் வேலை செய்யும் என்று நம்பிப் போக முடியாது. மாலை மங்கினால் மூலைகள் வெறிச்சோடிப் போகும். ஆகவே இதைப் பகல் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ

2015 ஜூன் மாதம் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில் ஆரம்பித்த மெட்ரோ ரயில், இன்று விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் ஊடாக வடக்கே விம்கோ நகர் வரை போகிறது. மற்றைய பாதை சென்ட்ரலிலிருந்து எழும்பூர், கோயம்பேடு, வடபழனி ஊடாகப் பரங்கிமலை வரை. பலாலியிலிருந்தோ கட்டுநாயக்காவிலிருந்தோ விமானத்தில் வந்து இறங்குபவர்கள் நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே மெட்ரோவில் ஏறிவிடலாம். நாங்கள் போனபோது கட்டணம் 10 ரூபாவிலிருந்து 50 ரூபா வரை இருந்தது. மற்ற வாகனங்களைவிடக் கூட என்றாலும், கூட்டமாகப் போகாத ஒரு பெண்ணுக்கு ஓட்டோவைவிட எத்தனையோ மலிவு. பெண்களுக்கென ஒதுக்கிய பகுதியும் உண்டு. அடுத்து வரும் நிலையத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பார்கள். வடபழனி முருகன் கோயிலுக்கும் பரங்கிமலைத் தேவாலயத்துக்கும் இதில் போகலாம். பரங்கிமலையில் படியேற முடியாதவர்களுக்கு மேலே செல்ல வாகனப் பாதையும் உள்ளது.

செயற்கைக் காலுள்ள எங்கள் சகோதரிக்கு மிகவும் பிடித்தது மெட்ரோதான். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி இருக்கிறது. மேடையும் ரயில் பெட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆனால் நுழையும்போது பையைக் கருவிக்குள் விட்டுச் சோதிப்பார்கள், ஆட்களையும் சோதிப்பார்கள். சீருடை அணிந்தவர்களையும் சோதனை வரிசையையும் கண்டவுடன் அவருடைய முகம் மாறிவிட்டது. நாங்கள் எல்லோரும் ஒரு கணம் ஓமந்தைக்குப் போய்விட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். கருவி ஒலித்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கிருந்த பெண் ஊழியரிடம் நான் மெதுவாக விடயத்தைச் சொன்னேன். அவர் மறைப்புக்குள் அழைத்துப் போய் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அடுத்த நாள் அவரே முன்னுக்குப் போய், "எனக்கு ஒரு கால் செயற்கை, பெண் ஊழியரைக் கூப்பிடுங்கோ" என்று சொன்னார். இப்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இது அன்றாடச் சோதனை, எங்களை மட்டும் குறிவைத்துச் செய்வதல்ல.

ஓட்டோ

ஓட்டோவை நான் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நீண்ட தூரத்துக்கு அதை நம்பினால் கைக்காசு கரைந்துவிடும். ரயில் நிலையத்திலிருந்து கோயில் வாசலுக்கு, பஸ் நிற்கும் இடத்திலிருந்து லொட்ஜுக்கு என்று கடைசித் துண்டுக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டும். 2013 இல் தமிழக அரசு முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபா, அதற்கு மேல் கிலோமீற்றருக்கு 12 ரூபா என்று கட்டணம் நிர்ணயித்தது. ஆனால் நாங்கள் கேட்ட எவரும் மீற்றர் போட விரும்பவில்லை. எங்கள் தமிழைக் கேட்டதும் "சிலோனா?" என்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனால் கட்டணமும் கூடவே ஏறும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. புறப்படுமுன் பக்கத்துக் கடையில் "இந்த இடத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்டறிந்து கொள்ளுங்கள். ஏறுமுன் தொகையைப் பேசி முடியுங்கள், எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிடுங்கள். கைத்தொலைபேசியில் ஊபர், ஓலா, ரபிடோ போன்ற செயலிகள் இருந்தால் அதில் காட்டும் தொகையைப் பாருங்கள். ஏறாவிட்டாலும் நியாயமான விலை தெரிந்துவிடும். செயலியில் பதிவு செய்தால் சாரதியின் பெயரும் வண்டி இலக்கமும் தெரியும். அதை லொட்ஜில் இருக்கும் தோழிக்கு அனுப்பிவிட்டு ஏறலாம். இரவு நேரத்தில் இதுவே பாதுகாப்பு. நால்வர் ஐவராகப் போகும்போது ஓட்டோ செலவு ஆளுக்குக் கொஞ்சம்தான். இருக்கும் இடத்துக்கு மேல் ஆட்களை நெருக்கி ஏற்றும் ஷேர் ஓட்டோவும் உண்டு. குறுந்தூரத்துக்குச் சரி, ஆனால் வேறு பெண்கள் இருக்கும் வண்டியில் மட்டும் ஏறுங்கள்.

கடலுக்குப் போகும் பாதை

மெரினாவின் மணற்பரப்பு மிக அகலமானது. வீதியிலிருந்து அலை வரை மணலில் நடக்கும்போது செயற்கைக் கால் புதையும். ஆகவே எங்கள் சகோதரி, "நான் வீதியோரம் இருந்து பார்க்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்றார். மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீற்றர் நீளமான மரப் பாதை ஒன்றை 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைய, திருத்திக் கொடுத்தார்கள். நாங்கள் அவரை அந்தப் பாதைக்கு அழைத்துச் சென்றோம்.

அவர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். 2004 சுனாமியில் இரண்டு சகோதரங்களைக் கடலுக்குக் கொடுத்தவர். மெரினாவிலும் அந்த அலை உயிர்களைக் கொண்டுபோனது. பாதையின் முடிவில் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவியும் அவருடைய மகளும் நின்றார்கள். கிழவி சுண்டல் பொட்டலத்தை நீட்ட, இவர் வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும்போது, "இனி ஊரிலும் கடற்கரைக்கு ஒரு தடி ஊன்றிக்கொண்டு போகலாம் போல இருக்கு" என்று மட்டும் சொன்னார். எங்கள் கடற்கரைகளிலும் இப்படி ஒரு பாதையை உள்ளூராட்சி மன்றங்களிடம் கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

எதைத் தெரிவு செய்வது?

பணம் குறைவாக, நேரம் நிறைய இருந்தால் பஸ். ஒரே திசையில் தூரம் போவதானால் மின்சார ரயில். நடக்க இயலாமை இருந்தால், அல்லது வெயில் தாங்காவிட்டால் மெட்ரோ. கோயில், கடற்கரை என்று ஒரே வரிசையில் பார்க்கப் பகலில் பறக்கும் ரயில். இருட்டிய பின்னரும் கடைசித் துண்டுக்கும் ஓட்டோ. ஒரே நாளில் இவற்றில் இரண்டு மூன்றை இணைத்துக் கொள்ளலாம். ஒரு பகுதியை ஒரு நாளில் பார்த்து முடியுங்கள். காலையில் தாம்பரம், மாலையில் பாரிமுனை என்று அலைந்தால் வீதியிலேயே நாள் போய்விடும். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணியளவில் திறக்கும். அந்த இடைவெளியில் அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ போகலாம். மாமல்லபுரம் தெற்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர். தாம்பரத்திலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் பஸ் உண்டு, விடியப் புறப்பட வேண்டும்.

கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் பிரதியைக் கையில் வைத்திருங்கள், அசலை லொட்ஜில் பூட்டி வையுங்கள். சில்லறைக் காசு பத்து, இருபது ரூபாத் தாள்களாக வேறு பையில் இருக்கட்டும். தண்ணீர்ப் போத்தல் அவசியம், ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொடுமை. உதவி தேவையானால் 112 அவசர இலக்கம். பெண்களுக்கான உதவி இலக்கங்கள் 181, 1091. ரயிலில் பிரச்சினை என்றால் 139. இவற்றையும் அந்தக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

முதல் நாள் ஒருவரோடு சேர்ந்து போங்கள். இரண்டாம் நாள் நீங்கள் முன்னே நின்று ரிக்கற் எடுங்கள், பின்னால் அவர் வரட்டும். எங்களோடு வந்தவர்களில் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் நான்காம் நாள் எங்களை நித்திரையில் விட்டுவிட்டுத் தனியாக 29சி பஸ்ஸில் மயிலாப்பூருக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, எங்களுக்கு இட்டலியும் வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய சேலைத் தலைப்பில் அந்தக் கட்டணமில்லாத பஸ் சீட்டு முடிந்திருந்தது. ஊருக்குக் கொண்டுபோய் மகளுக்குக் காட்டப் போவதாகச் சொன்னார்.